வளரும் ஊருக்கு நீர்க் கணக்கு போடுவது எப்படி: ஏரி, குழாய், சாக்கடை மூன்றும் ஒரே தாளில்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஜிஎஸ்டி சாலையை (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) ஒட்டிய ஊர்களில் ஒன்றில் இருப்பவன் நான். பேரூராட்சியாக இருந்து நகராட்சியான ஊர். வயலெல்லாம் மனைப்பிரிவாகிவிட்டது. கூட்டுக் குடிநீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், மீதிக்கு போர்வெல்லும் லாரியும். பாதாளச் சாக்கடை கிடையாது. மே மாதம் தண்ணீர் இல்லை என்று மறியல் செய்த அதே தெருவில் டிசம்பரில் படகு விட வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மைத் திட்டம் ஒன்றைக் குடியிருப்போர் சங்கமோ வார்டு குழுவோ நகராட்சியோடு சேர்ந்து எப்படித் தயாரிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். குடிநீர் ஒரு கோப்பு, ஏரி ஒரு கோப்பு, கழிவுநீர் ஒரு கோப்பு என்று மூன்று அலுவலகங்களில் கிடப்பதை ஒரே தாளுக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

புதிதாக வருகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே "ஏரியைத் தூர்வாரிவிடலாம்" என்பார்கள். இந்த வரிசையில் அது எட்டாம் படியில், அதுவும் கடைசி வேலையாகத்தான் வருகிறது. பிப்ரவரியில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு சுற்று முடியும். ஜூலையில் தொடங்கினால் அந்த வருடம் அளப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

முதலில் வருவாய் கிராம வரைபடம். ஊர் நகராட்சியாகியிருந்தாலும் உங்களுக்கு வேண்டியது பழைய கிராம வரைபடம்தான். ஏரி, தாங்கல், குட்டை, ஓடை, வாய்க்கால் எல்லாம் அதில்தான் ஒன்றோடொன்று இணைந்து தெரியும். ஒவ்வொரு நீர்நிலையின் சர்வே எண்ணுக்கும் புல வரைபடமும் (நீள அகல அளவோடு வரைந்தது) 'அ' பதிவேட்டுப் பிரதியும் (நிலம் என்ன வகை, யாருடையது என்ற பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். இவை அரசின் நிலப் பதிவு இணையதளத்திலேயே கிடைக்கும். நகர அளவை முடிந்த ஊர் என்றால் எண்கள் மாறியிருக்கும். பழைய எண், புது எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு பட்டியல் செய்யுங்கள். இதைச் செய்யாமல் மனு போட்டவர்கள் "அப்படி ஒரு சர்வே எண் இல்லை" என்ற பதிலோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 50 மீட்டர் டேப், ஒரு கிலோ எடைக் குண்டு, பத்து லிட்டர் வாளி, மேஸ்திரியிடம் இரவல் வாங்கிய டியூப் லெவல் (இரண்டு இடங்களின் மட்டத்தை ஒப்பிடும் தண்ணீர் நிரப்பிய குழாய்), தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், குளோரின் பார்க்கும் குளோரோஸ்கோப். நீளமான நோட்டு ஒன்று. கைப்பேசிச் செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வால்வு திறப்பவர் உங்கள் செயலியில் எழுத மாட்டார், நோட்டில் எழுதுவார்.

நான்கு பேரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்: தெருவுக்கு வால்வு திறக்கும் அண்ணன், ஏரிப் பாசனம் பார்த்த பழைய நீர்க்கட்டி, போர்வெல் மெக்கானிக், கழிவுநீர் லாரி ஓட்டுநர். கோப்புகளில் இல்லாதது இவர்கள் நால்வரிடமும் இருக்கிறது.

1. எல்லையை வார்டை வைத்துப் போடாதீர்கள், ஓட்டத்தை வைத்துப் போடுங்கள்

எல்லோரும் தடுக்கி விழும் முதல் இடம் இது. நகராட்சி எல்லையை வரைந்து, அதற்குள் இருக்கும் ஏரியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்து ஏரிகள் தனி ஏரிகள் அல்ல, சங்கிலி. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் (உபரி வெளியேறக் கரையில் கட்டிய தாழ்ந்த தடுப்பு) வழிந்தால்தான் அடுத்த ஏரிக்குத் தண்ணீர். கடைசி ஏரியின் உபரி ஆற்றுக்கு.

ஆகவே வரைபடத்தில் உங்கள் ஏரியிலிருந்து மேலே இரண்டு ஏரி, கீழே இரண்டு ஏரி வரை போங்கள். அவை பக்கத்து ஊராட்சியில் இருந்தாலும் சரி. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நினைத்துப் பாருங்கள். அடையாற்றின் மேல்பகுதி ஏரிகளின் உபரியெல்லாம் ஒரே நேரத்தில் இறங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த இரண்டு ஊர் எல்லைக்குள் மட்டும் எவ்வளவு வேலை செய்திருந்தாலும் அந்தத் தண்ணீரை நிறுத்தியிருக்க முடியாது.

ஒவ்வொரு ஏரிக்கும் நான்கு விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கலங்கல் எங்கே, மதகுகள் எத்தனை, உபரி எங்கே போகிறது. நான்கில் ஒன்று தெரியவில்லை என்றாலும் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். அடுத்த படி அதற்காகத்தான்.

2. வாய்க்காலை நடந்தே பாருங்கள்

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பார்ப்பது நல்லதுதான். அது நடப்பதற்கு மாற்று ஆகாது. சாலைக்கு அடியில் இருக்கும் சிறுபாலம் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. பாதி ஊர் மூழ்குவது சிறுபாலத்தில்தான்.

கீழிருந்து மேலே நடங்கள். மேலிருந்து தொடங்கினால் கிளைகள் சேரும் இடத்தில் எது முதன்மை வாய்க்கால் என்று குழம்பும். கீழிருந்து போனால் ஒவ்வொரு கிளையையும் கேட்டுத்தான் தாண்ட வேண்டியிருக்கும். நூறு அடிக்கு ஒரு முறை நின்று வாய்க்காலின் அகலம், ஆழம், என்ன அடைத்திருக்கிறது, எந்தக் குழாய் உள்ளே விடப்பட்டிருக்கிறது என்று எழுதுங்கள். புல வரைபடத்தில் உள்ள அகலத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு எண்ணும் சேர்ந்து நிற்கும்போது வேறு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

ஒவ்வொரு சிறுபாலத்திலும் டியூப் லெவல் வைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு வாய்க்கால் சுத்தமாக இருந்தும் தண்ணீர் பின்வாங்கித் தெருவுக்குள் வந்தது. மூன்று வருடம் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். மேஸ்திரி ஒருவர் குழாயின் ஒரு முனையை வாய்க்கால் தரையிலும் மறு முனையைச் சிறுபாலத்தின் தரையிலும் பிடித்தார். சிறுபாலத்தின் தரை வாய்க்கால் தரையைவிட ஒரு சாண் உயரம். சாலையைப் புதுப்பித்தபோது தளத்தையும் உயர்த்திவிட்டார்கள். தண்ணீர் ஏறிப் போக வேண்டியிருந்தது. பத்து நிமிட வேலையில் தெரிந்துபோனது அது.

3. நிலத்தடி மட்டத்தை நீங்களே அளக்கத் தொடங்குங்கள்

ஊரில் பரவலாக இருபது கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தவரை திறந்த கிணறு. போர்வெல்லில் மோட்டாரும் குழாயும் இறங்கியிருப்பதால் டேப் சிக்கிக்கொள்ளும். மூடி திறக்கவும் வீட்டுக்காரர் தயங்குவார்.

இங்கே அடியில் இருப்பது சார்னோகைட் பாறை. மேலே சிதைந்த மண்பாறை அடுக்கு, அதற்குக் கீழே விரிசல் உள்ள இடத்தில் மட்டும் தண்ணீர். திறந்த கிணறு மேல் அடுக்கைக் காட்டும், ஆழமான போர்வெல் விரிசலைக் காட்டும். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து சராசரி எடுத்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. தனித் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

விடியற்காலையில், யாரும் மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றின் மட்டம் உண்மை மட்டம் அல்ல. எடைக் குண்டு தண்ணீரைத் தொடும் சத்தம் வந்ததும் டேப்பைப் பிடித்த இடத்தைப் படியுங்கள். படிக்கும் இடம் ஒவ்வொரு மாதமும் ஒரே இடமாக இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் பெயின்டால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஒரு மாதம் சுவர் மேலிருந்தும் மறு மாதம் தரையிலிருந்தும் அளந்துவிட்டு "இரண்டரை அடி ஏறிவிட்டது" என்று சந்தோஷப்பட்ட குழுக்கள் உண்டு.

மாதம் ஒரு முறை அளந்தால் நல்லது. முடியாவிட்டால் மே, ஜனவரி இரண்டையும் தவறவிடாதீர்கள். கோடையின் அடியும் மழைக்குப் பின்னான உச்சமும் அந்த இரண்டில்தான் இருக்கின்றன. வருடத்தில் எடுக்கத்தக்க நிலத்தடி நீரில் உறிஞ்சுவது நூறு விழுக்காட்டுக்கு மேல் என்றால், மத்திய நிலத்தடி நீர் வாரியம் அந்தப் பகுதியை 'அதிநுகர்வு' என்று வகைப்படுத்தும். 90 முதல் 100 வரை அபாயகரம், 70 முதல் 90 வரை ஓரளவு அபாயகரம். உங்கள் குறுவட்டம் (பிர்கா) எதில் வருகிறது என்பதைத் தாளின் தலையிலேயே எழுதிவையுங்கள்.

4. குழாயில் வருவது எவ்வளவு, வீட்டுக்குப் போவது எவ்வளவு

"எங்கள் பம்ப் இத்தனை குதிரைத்திறன், மணிக்கு இவ்வளவு தள்ளும், எட்டு மணி நேரம் ஓடுகிறது" என்று பெருக்கித் தருவார்கள். அந்தக் கணக்கை வாங்காதீர்கள். பம்பின் தகட்டில் இருப்பது புதிதாக இருந்தபோது போட்ட எண்.

தரைமட்டத் தொட்டியை வைத்து அளப்பது எளிது. உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு பம்பை ஓட்டுங்கள். தொட்டி 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்று வையுங்கள். இருபது நிமிடத்தில் மட்டம் 40 சென்டிமீட்டர் இறங்கினால் போனது 12,000 லிட்டர். மணிக்கு 36,000. எல்லா நீரேற்று இடத்திலும் இதே போல ஒரு முறை செய்துவிட்டால், அதன் பிறகு ஓடிய மணி நேரத்தைக் குறித்தாலே போதும்.

மேல்நிலைத் தொட்டியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தொட்டியின் வெளிச்சுவரில் அளவுக்கோடு போட்ட பலகையும் அதில் மேலும் கீழும் போகும் முள்ளும் பார்த்திருப்பீர்கள். அந்த முள் கயிற்றின் ஒரு முனை, மறு முனையில் உள்ளே மிதவை. தண்ணீர் ஏறினால் முள் இறங்கும். முள் மேலே நின்றால் தொட்டி காலி. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு வாரம் முழுக்கத் தலைகீழாகப் படித்து, இரவில் தொட்டி நிரம்புகிறது, ஊர் தண்ணீரே எடுக்கவில்லை என்று அறிக்கை எழுதினார். வால்வு அண்ணன் படித்துவிட்டு, "சார், ராத்திரியில எங்க தொட்டி தானா ரொம்பிக்குதா?" என்றார். அவரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

கசிவு பார்க்க ஒரு தெருத் தொகுதியைத் தேர்ந்தெடுங்கள். அதற்குத் திறந்துவிட்ட தண்ணீரைத் தொட்டி மட்டத்தை வைத்துக் கணக்கிடுங்கள். அதே நாள் அந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டிலும் குழாய் ஓடும்போது பத்து லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது, எவ்வளவு நேரம் ஓடியது என்று எழுதுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் கசிவு, திருட்டு, அளவுப் பிழை மூன்றும் சேர்ந்தது. திட்டங்களில் 15 விழுக்காடு இழப்பை ஏற்றுக்கொள்வது வழக்கம். அதைவிட அதிகம் வந்தால், புது போர்வெல் கேட்பதற்கு முன் அந்தத் தெருவைத் தோண்ட வேண்டும். கசிகிற குழாயில் இன்னும் தண்ணீரை ஏற்றினால் கசிவும் கூடத்தான் செய்யும்.

5. தேவைக் கணக்கு

மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேட்டில் பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், இல்லாத ஊரில் 70 லிட்டர் என்று இருந்தது. ஊரில் சாக்கடை இல்லை என்பதால் 70 போட்டு முடித்துவிடுவார்கள். வீட்டுக்கு வீடு சம்ப், மோட்டார், மாடித் தொட்டி வந்துவிட்ட பிறகு யாரும் 70 லிட்டரில் நிற்பதில்லை. குழாயில் வராத மீதி போர்வெல்லிலிருந்து வருகிறது, அது எந்தக் கணக்கிலும் இல்லை. 135 போடுங்கள்.

உதாரணத்துக்கு 40,000 பேர் உள்ள ஊர். 40,000 × 135 = நாளொன்றுக்கு 54 லட்சம் லிட்டர். கூட்டுக் குடிநீர் 20 லட்சம் லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொண்டால் மீதி 34 லட்சம் மண்ணுக்கு அடியிலிருந்தும் லாரியிலிருந்தும் வருகிறது. லாரித் தண்ணீரும் பக்கத்து ஊர் மண்ணுக்கு அடியிலிருந்துதான்.

வாக்காளர் பட்டியலை வைத்து மக்கள்தொகை போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில். மின் இணைப்பு எண்ணிக்கையை வைத்துப் போடுவது உண்மைக்குப் பக்கமாக வரும்.

6. கழிவுநீரையும் அதே தாளில் எழுதுங்கள்

வீட்டுக்கு வரும் தண்ணீரில் சுமார் 80 விழுக்காடு கழிவாக வெளியே போகும் என்று பொறியாளர்கள் கணக்கு வைப்பார்கள். மேலே சொன்ன ஊரில் அது நாளொன்றுக்கு 43 லட்சம் லிட்டர். வருடத்துக்கு ஏறக்குறைய 158 கோடி லிட்டர். ஏரிக் கணக்கில் சொன்னால் சுமார் 56 மில்லியன் கன அடி. உங்கள் ஏரியின் கொள்ளளவு 28 மில்லியன் கன அடி என்றால், ஊர் தன் கழிவால் அந்த ஏரியை வருடத்துக்கு இரண்டு முறை நிரப்ப முடியும்.

இந்த ஒரு வரியைக் கூட்டத்தில் சொன்னபோதுதான் தூர்வாரும் பேச்சு நின்றது.

அந்த 43 லட்சம் எங்கே போகிறது என்று தெருத் தெருவாகப் பிரியுங்கள். குளியலறை, சமையலறைத் தண்ணீர் மழைநீர் வடிகாலுக்கு. கழிப்பறைத் தண்ணீர் செப்டிக் டேங்குக்கு. செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுபவற்றில் பல, அடியில் தளம் போடாத உறைத் தொட்டிகள். அவை நிரம்புவதே இல்லை, அதனால் வீட்டுக்காரருக்கு நிம்மதி. பக்கத்துக் கிணற்றுக்குத்தான் நிம்மதி இல்லை. "கடைசியாக எப்போது லாரி வைத்து எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். பத்து வருடமாக எடுக்கவில்லை என்றால் அது தொட்டி இல்லை, கழிவை மண்ணுக்குள் இறக்கும் குழி.

லாரி எங்கே கொட்டுகிறது என்பதையும் எழுத வேண்டும். ஓட்டுநரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் பதில் வராது. கொட்ட இடம் இல்லாததால்தான் இரவில் வாய்க்காலுக்குப் போகிறார். இதே மாவட்டத்தில் கருங்குழியில் கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. மதுராந்தகத்துக் கழிவும் அங்கே போகிறது. உங்கள் ஊருக்குத் தனி நிலையம் வரும் வரை, எட்டும் தூரத்தில் உள்ள நிலையத்தோடு நகராட்சி ஏற்பாடு செய்துகொள்ள முடியுமா என்பதே இந்தப் படியின் முதல் கோரிக்கை. சின்ன ஊர்களுக்குப் பாதாளச் சாக்கடைக்குக் காத்திருப்பதைவிட இது சீக்கிரம் நடக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. எந்தத் தொட்டியையும் பார்க்கவோ அளக்கவோ ஆளை உள்ளே இறக்காதீர்கள், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் வாயு மூச்சு விட நேரம் தராது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

7. தரத்தைச் சுருக்கமாகச் சோதியுங்கள்

டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. 300 காட்டுகிறது, நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டுவது ஊர் முழுக்க நடக்கிற தவறு. கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 45 மில்லிகிராம் எல்லை. வயலும் உரமும் போய்விட்ட தெருவில் அதைத் தாண்டினால் கழிப்பறைக் குழியைச் சந்தேகப்படுங்கள். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

குழாய்த் தண்ணீரில் குளோரினைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் முதல் வீட்டில் பார்க்காதீர்கள், தெருவின் கடைசி வீட்டில் பாருங்கள். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

8. வேலைகளை இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும்

இப்போது தாளில் வரவும் செலவும் கழிவும் இருக்கின்றன. இனிமேல்தான் மண்ணைத் தொடுவது. வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகும்.

முதல் வேலை, ஏரிக்குள் வரும் கழிவைத் திருப்புவது. இதைச் செய்யாமல் தூர்வாரினால் ஆழமான ஏரியில் ஆழமாகக் கழிவு நிற்கும். அடுத்த மழைக்குள் ஆகாயத்தாமரை மூடிவிடும். ஏரிக்கு வரும் எல்லா வாயையும் சிமென்ட் வைத்து அடைப்பதும் தவறு. மழைத் தண்ணீரும் அதே வழியாகத்தான் வர வேண்டும். கோடையில் ஓடும் சிறு ஓட்டத்தை மட்டும் பக்கவாட்டுக் குழாயில் திருப்பி, மழை வெள்ளம் அதன் மேல் தாண்டி ஏரிக்குள் போகும்படி தாழ்ந்த தடுப்பு கட்டுங்கள்.

இரண்டாவது, உபரி வழி. கலங்கலுக்குக் கீழே உள்ள போக்குக்கால்வாயைக் கடைக்கோடியிலிருந்து மேல்நோக்கிச் சுத்தம் செய்யுங்கள். மேல் பாதியை முதலில் திறந்துவிட்டு நடுவில் மழை வந்துவிட்டால், கீழே இருப்பவர் வீட்டுக்குள் நீங்களே தண்ணீரை அனுப்பியதாக ஆகும்.

மூன்றாவது, வரத்துக்கால்வாய். உபரி வழி சரியாகாமல் வரத்தைப் பெருக்கினால் ஏரி உடையும். ஆர்வத்தில் இந்த இரண்டையும் மாற்றிச் செய்வார்கள், வரத்துக்கால்வாய் வேலை புகைப்படத்தில் அழகாக இருப்பதால்.

நான்காவது, கரையும் மதகும். பாசனம் நின்றுபோன ஏரி, மதகு எதற்கு என்று அடைத்துவிடுவார்கள். வெள்ளம் வரும் முன் நீர்மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்க மதகைத் தவிர வேறு வழி இல்லை. அதைச் சரிசெய்யுங்கள். சாவி யாரிடம் என்று எழுதிவையுங்கள்.

கலங்கலை ஒரு அடி உயர்த்தினால் கூடுதல் தண்ணீர் நிற்குமே என்ற யோசனை கட்டாயம் வரும். அந்த ஒரு அடி நீர் மேல்பக்கத்தில் யார் வீட்டு வாசலில் நிற்கும், கரை அதைத் தாங்குமா என்று நீர்வளத் துறைப் பொறியாளர் மட்டம் எடுத்துச் சொல்லாமல் தொடாதீர்கள்.

ஐந்தாவதாகத்தான் தூர்வாருதல். கரைக்கு அருகே தோண்டக் கூடாது, கரையின் கால் இளகிவிடும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால் அந்தத் தண்ணீரை மதகால் வெளியேற்ற முடியாது. ஆழமாகப் போகும்போது களிமண் அடுக்கைக் கிழித்தால் சில ஏரிகளில் தண்ணீர் நிற்காமலே போய்விடும். மேலே படிந்த வண்டலை எடுப்பது மட்டும்தான் தூர்வாருதல். அதற்குக் கீழே போவது மண் வியாபாரம். லாரி எண்ணிக்கையை யாராவது கரையில் உட்கார்ந்து எழுத வேண்டும், மாலை ஆறு மணிக்குப் பிறகும்.

9. கூரை மழையைக் கிணற்றுக்குக் கொண்டுபோவது

2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதனால் எல்லா வீட்டிலும் ஒரு குழி இருக்கிறது. பாதி வீட்டில் குழாய் அந்தக் குழி வரைக்கும் போவதில்லை. மழை இல்லாத ஒரு நாளில் மாடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கீழே போய்ப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஆயிரம் சதுர அடிக் கூரை ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். வருடத்துக்கு 1,200 மில்லிமீட்டர் பெய்து, 80 விழுக்காடு பிடித்தால் சுமார் 89,000 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து மாதத் தண்ணீருக்கும் மேல்.

பாறை நிலத்தில் புதிதாகக் குழி வெட்டுவதைவிட, பாழாகக் கிடக்கும் திறந்த கிணற்றைச் சுத்தம் செய்து அதற்குள் கூரைத் தண்ணீரை விடுவது நல்லது. மேல் அடுக்கு முழுக்க அதன் வழியே ஊறும். முதல் மழையை வெளியே விடத் தனி வால்வு வையுங்கள், இடையில் ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வையுங்கள். தெருத் தண்ணீரையும் வடிகால் தண்ணீரையும் மட்டும் நேராக போர்வெல்லுக்குள் இறக்காதீர்கள். உள்ளே போன எண்ணெயையும் சாக்கடையையும் திரும்ப எடுக்க வழி கிடையாது.

10. வரப்போகும் மனைப்பிரிவைப் பிடியுங்கள்

பழைய தவறைத் திருத்துவதைவிட அடுத்த லேஅவுட்டைச் சரிசெய்வது மலிவு. இரண்டு சதுர கிலோமீட்டர் வயலில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் விழுவது 20 கோடி லிட்டர். வயலாக இருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ஓடிவரும் என்று வையுங்கள். வீடும் சிமென்ட் சாலையும் ஆனபின் மூன்றில் இரண்டு பங்கு ஓடிவரும், அதுவும் வேகமாக. வாய்க்காலின் அகலம் மட்டும் அதேதான்.

ஆகவே அனுமதிக்கு முன்பே கேளுங்கள்: மனைக்குள் ஓடும் வாய்க்கால் புல வரைபட அகலத்தில் காட்டப்பட்டிருக்கிறதா, சாலை மட்டம் பக்கத்துத் தெருவைவிட எவ்வளவு உயரம், பொது ஒதுக்கீட்டு இடம் தாழ்வான மூலையில் இருக்கிறதா. பூங்கா தாழ்வில் இருந்தால் மழை நாளில் தண்ணீர் தேங்க ஓர் இடம் கிடைக்கும். மேட்டில் கொடுத்துவிட்டுத் தாழ்வை மனையாக விற்பதுதான் வழக்கம்.

11. எதை யாரிடம் கேட்பது

தெருக் குழாய், வடிகால், கழிவு லாரி நகராட்சி. கூட்டுக் குடிநீர்ப் பெருங்குழாய் குடிநீர் வடிகால் வாரியம். ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள ஏரி நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தவை பெரும்பாலும் உள்ளாட்சி. ஆக்கிரமிப்பு அளவீடு வட்டாட்சியர். சாலைக்கு அடியில் உள்ள சிறுபாலம் நெடுஞ்சாலைத் துறை, தண்டவாளத்துக்கு அடியில் என்றால் ரயில்வே.

ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதி எல்லோருக்கும் நகல் போடுவது நம் ஊர்ப் பழக்கம். ஒவ்வொருவரும் அது மற்றவர் வேலை என்று வைத்துவிடுவார்கள். ஒரு துறைக்கு ஒரு பக்கம், ஒரு கோரிக்கை, சர்வே எண், அளவு, புகைப்படம். ஒருங்கிணைந்த தாளை இணைப்பாகக் கடைசியில் வையுங்கள். ஆக்கிரமிப்பு என்று வந்தால், குடிசையை மட்டும் பட்டியலிட்டு வளாகச் சுவர்களை விட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்த குழுவை அடுத்த முறை அந்தப் பகுதி மக்கள் உள்ளே விடமாட்டார்கள், அது நியாயமும்கூட.

12. முதல் பெருமழையில் வெளியே போங்கள்

அக்டோபரிலோ நவம்பரிலோ ஒரே நாளில் ஐந்து சென்டிமீட்டர் பெய்யும் முதல் மழைக்குக் குடையோடு கிளம்புங்கள். இரண்டு இரண்டு பேராக, முழங்கால் தண்ணீர் ஓடும் இடத்தில் இறங்காமல். இரண்டாம் படியில் நடந்த அதே வழி. தாளில் போட்ட அம்புக்குறிகள் உண்மையா என்று அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் முதல் வரைபடத்தில் நாற்பது அம்புக்குறி. மழையில் போய்ப் பார்த்தபோது ஏழு தலைகீழாக இருந்தன. சிவப்புப் பேனாவால் திருத்தினோம். தாள் நனைந்து மை ஊறிப்போனதால் மறுநாள் மறுபடி வரைய வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் உறை எடுத்துக்கொண்டு போங்கள்.